திரும்பி வாற இரத்தத்துக்குத் துடக்கில்லை

அந்த மிஸிக்கு மூன்று அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் மயிலிட்டியில் கரைவலை இழுத்தார். ஒருவர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் நட்டார். மூன்றாமவர் தபாற்கந்தோரில் முத்திரை குத்தினார். வலை இழுத்தவரைப் பற்றி மயிலிட்டியிலிருந்து வரும் சம்மாட்டியாரிடம் கதைப்பாள். வெங்காயம் நட்டவர் என் அம்மாவுக்கு. முத்திரை குத்தியவர் அரியாலையிலிருந்து வரும் பழைய போஸ்ட்மாஸ்டருக்கு. மூவரும் ஒரே அறையில், ஒரே வாரத்தில் உயிரோடு உலாவினார்கள். அதை வேறு எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் படிப்பை முடித்துவிட்டு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்திருந்தேன். அங்கே இரத்தம் சுத்திகரிக்கும் அறை ஒன்று இருந்தது. அதில் இரண்டு இயந்திரங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் முறைவைத்து வந்து அவற்றோடு பொருத்தப்பட்டுப் படுத்திருப்பார்கள். காறை எலும்புக்குக் கீழே தோலைத் துளைத்துப் பெரிய நாளத்துக்குள் ஒரு மெல்லிய குழாய் போகும். அதன் வெளிநுனி இரண்டாகப் பிரிந்து, சிவப்பு மூடியும் நீல மூடியுமாக நெஞ்சில் கிடக்கும். சிவப்பால் இரத்தம் வெளியே போகும், நீலத்தால் திரும்பி வரும். அந்த மூடிகளைத் திறந்து மூடுவது அந்த அறையின் தாதியான மிஸியின் வேலை. அந்த வழியாகக் கிருமி ஏதும் இரத்தத்துக்குள் போய்விட்டதா என்று பார்ப்பது என் வேலை. அவள் ஒழுங்காகச் செய்தால் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டில் ஏதோ அநியாயம் இருப்பதாக எனக்கு அப்போதே பட்டது.

'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் மரியாதையாகத்தான் கதைத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மிஸி, எனக்கும் மிஸி.

வடிவென்று சொல்ல முடியாது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. தொப்பிக்குள் அடங்காத தலைமயிர். ஆனால் அவள் அறைக்குள் வந்தால் கட்டிலில் கிடப்பவர்கள் தலையணையைச் சரிசெய்துகொண்டு நிமிர்வார்கள். நான் வந்தால் கையை நீட்டுவார்கள், ஊசி குத்தப்போகிறேன் என்று.

அவளுடைய கதைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. மூடியைத் திறக்கும் நேரம் வந்ததும் கதை பாதியில் நின்றுவிடும். சொல்லிக்கொண்டிருந்த வசனம் முடிந்திருக்காது. முகத்துணியைக் கட்டி, கையைக் கழுவி, உறை போட்டு, மருந்தில் நனைத்த துணியால் மூடியைச் சுற்றிப் பிடிப்பாள். படுத்திருப்பவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வாயை மூடியிருக்க வேண்டும். மூச்சுப் பட்டாலே கிருமி இறங்கும். நான் அதை விளக்கிச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தேன், மூன்று குறிப்புகளுடன். அதை ஒருவரும் வாசித்ததில்லை. ஆனால் கதையின் மீதியைக் கேட்பதற்காக அவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

ஒருமுறை சம்மாட்டியாருக்குக் குழாய் போன துளையைச் சுற்றிச் சிவந்துவிட்டது. அவர் இரண்டு வள்ளங்களின் சொந்தக்காரர், குரல் பெருத்த மனிதர். நான் கடதாசியுடன் போய் நின்று வரிசையாகக் கேட்டேன். பிளாஸ்ரரைக் கழற்றினீர்களா? யாராவது தொட்டார்களா? குளித்தீர்களா? கடலுக்குப் போனீர்களா? எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்றார், நீதிமன்றத்தில் நிற்பவரைப் போல.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மிஸி வந்தாள். அவரை ஒன்றும் கேட்கவில்லை. தட்டத்தில் சாமான்களை அடுக்கிக்கொண்டு தன்பாட்டில் தொடங்கினாள்.

"எங்கடை அப்பாவையும் டொக்டர் கடல் பக்கம் தலை வைச்சும் படுக்காதை எண்டுதான் சொல்லி விட்டவர், அண்ணை. அடுத்த நாள் விடிய ஆளைக் காணேல்லை. அம்மா ஊரெல்லாம் தேடுறா. நான் கரைக்கு ஓடிப்போய்ப் பாத்தா, மனுசன் இடுப்பளவு தண்ணியிலை நிண்டு…"

மூடியில் கை வைத்துவிட்டாள். சம்மாட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் மீதி வந்தது.

"…கயிறை இழுத்துக்கொண்டு நிக்கிறார். என்னைக் கண்டிட்டுச் சிரிக்கிறார் வேறை."

"இடுப்பளவோ?" சம்மாட்டியார் திடுக்கிட்டார். "அது பிழையெல்லோ. நான் முழங்காலுக்கு மேலை போகேல்லைப் பிள்ளை."

அறை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். "அலை அடிச்சா அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார்.

மிஸி என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து சொன்னாள்: "எழுதும் பிள்ளை. கடல், முழங்கால் வரைக்கும். மிச்சம் அலை."

நான் எழுதினேன். வேறு என்ன செய்வது?

அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை, அதற்கு வேண்டிய கற்பனை எனக்குக் கிடையாது. என்னிடம் எல்லாரும் பொய் சொன்னார்கள். அவள் வாய் திறந்தால் பொய். அவளிடம் எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். எவ்வளவு கேவலமானதைச் சொன்னாலும், அதைவிடக் கேவலமான ஒன்றை அவள் முதலே தன் பேரிலோ தன் அப்பாக்கள் பேரிலோ சொல்லி வைத்திருப்பாள்.

இதெல்லாம் என் அம்மாவும் அந்தக் கட்டிலுக்கு வரும்வரை தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

அம்மாவின் நிலைமை இதுதான். வலப்பக்கம் முதலில் போட்ட குழாயால் அந்த நாளம் அடைபட்டுவிட்டது. இப்போது இடப்பக்கம் போட்டிருந்தது. இடையில் டொக்டர் அம்மாவின் கையில் ஒரு சத்திரசிகிச்சை செய்து நாடியையும் நாளத்தையும் பொருத்தியிருந்தார். அந்த இடம் புடைத்துப் பலமானதும் கையிலேயே ஊசி போட்டு இரத்தம் எடுக்கலாம், குழாயே தேவையில்லை. ஆனால் அது முதிர வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை இந்தக் குழாய் தாங்க வேண்டும். பழுதானால் போட வேறு இல்லை. கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும், ரயில் ஓடினால். ரயில் ஓடுவது பற்றி அந்த நாட்களில் எவரும் வாக்குக் கொடுப்பதில்லை.

அப்பா இல்லாத வீடு. ஒரே மகள் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்காகத்தான் ஊருக்கு மாற்றம் கேட்டு வந்தேன். அப்படியிருக்க, விடிய எழும்பினால் அம்மாவின் முதற் கேள்வி, "இண்டைக்கு மிஸி நிப்பாவோ?"

பால்ரொட்டி சுட்டால் முழுசாக வந்தவை வாழையிலையில் சுற்றப்பட்டு மிஸிக்கு. "உடைஞ்சதுகளை நீ சாப்பிடு பிள்ளை, ருசி ஒண்டுதானே." ருசி ஒன்றுதான். எனக்கும் தெரியும்.

ஒருநாள் இயந்திரத்தோடு பொருத்திச் சற்று நேரத்தில் அம்மாவுக்குக் குலைப்பன் காய்ச்சல் எடுத்தது. பல் கிட்டி, கட்டிலே ஆடியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மிஸி கட்டிலில் ஏறி இருந்து அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் இரத்தம் எடுத்தேன். அதுதான் என் பங்கு.

மறுநாள் அந்த இரத்தத்தை விட்டுவைத்த வளர்ப்புக் குப்பி கலங்கியிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன், தட்டில் வளர்த்தும் பார்த்தேன். தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாழும் கிருமி. டொக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "கழட்ட வேண்டிய குழாய்தான். கழட்டினா வேறை வழியில்லை. மருந்தைக் குழாய்க்குள்ளாலையே விட்டுப் பாப்பம். இன்னொருக்கா உப்பிடிக் காய்ச்சல் வந்தா யோசிக்க இடமில்லை."

காய்ச்சல் மருந்துக்கு அடங்கியது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நான் தேடத் தொடங்கினேன். இயந்திரத்துக்கு வரும் தண்ணீர், அது தேங்கும் தொட்டி, மருந்துப் போத்தல்கள், கை கழுவும் பேசின், சவர்க்காரத் தட்டு. ஒவ்வொன்றிலும் பஞ்சு தேய்த்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இட்டேன். கடைசியில் கைகள். டொக்டரின் கை, என் கை, மிஸியின் கை.

"என்ரை கையோ?" என்றாள். "எடும், எடும். வடிவாத் தேய்ச்சு எடும். நகத்துக்குள்ளையும் விடும்." ஒரு அரசியைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுடைய தட்டை மற்றவற்றுக்கு முதலே திறந்து பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எல்லாத் தட்டுகளும் அப்படித்தான். அவளுடைய தட்டைத்தான் இன்னொரு நாளும் வைத்திருந்து பார்த்தேன்.

அம்மாவைக் கேட்டேன். குளித்தீர்களா? "இல்லை." பிளாஸ்ரர் நனைந்ததா? "இல்லை." நான் சொன்னபடி துணியால் உடம்பைத் துடைத்தீர்களா? "ஓம், ஓம், எத்தினை தரம் கேப்பாய்?"

அடுத்த முறை இரத்தம் எடுக்கப் போனபோது அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே மிஸியின் குரல். நான் வெளியே நின்றுவிட்டேன்.

"…டியூட்டி முடிஞ்சு போனா எங்கடை அம்மா வாசலிலையே மறிச்சுப்போடுவா. ஆஸ்பத்திரித் துடக்கு, தீட்டு, தலைமுழுகித் தோயாமல் உள்ளுக்கை வரேலாது எண்டு. ஒருநாள் எனக்குச் சரியான அலுப்பு அம்மா. பின்பக்கத்தாலை போய், தோயாமல் கொள்ளாமல், நேரே சாமியறைக்குள்ளை பூந்து விளக்கை…"

சிவப்பு மூடி. நீல மூடி. இயந்திரம் ஓடும் சத்தம்.

"விளக்கை என்ன செய்தனீ?" அம்மாவின் குரல்.

"கொளுத்திப்போட்டன்."

"பாவி! துடக்கோடையோ?"

"ஓம். இண்டை வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது."

"நான் எண்டால் செய்யமாட்டன் பிள்ளை," என்றார் அம்மா. "எவ்வளவு ஏலாமல் வந்தாலும் காராலை இறங்கினவுடனை நேரே கிணத்தடித் தொட்டிதான். பொலித்தீன் சொப்பிங் பாக்காலை உந்தக் குழாயைச் சுத்திக் கட்டிப்போட்டுத் தலையிலை தண்ணி வாப்பன். இவ்வளவு இரத்தத்துக்கை கிடந்து எழும்பிவந்து எப்பிடிச் சாமியறைக்குள்ளை போறது?"

"அதுதானே. பாக்குக்குள்ளை தண்ணி போகாதோ?"

"கொஞ்சம் ஈரம்தான். விசிறியாலை விசிறுவன். பிள்ளை வேலையாலை வாறதுக்கிடையிலை காய்ஞ்சிடும்."

"பிள்ளைக்குச் சொல்லேல்லையோ?"

"அவளுக்கோ? அவள் கடதாசியிலை எழுதிப்போடுவள்."

இருவரும் சிரித்தார்கள். நான் இரத்தம் எடுக்காமலே திரும்பி வந்தேன்.

மாலை வீட்டில் அம்மாவை இருத்தி எல்லாவற்றையும் விளக்கினேன். கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது, பிளாஸ்ரருக்குள் எப்படி இறங்குகிறது, அங்கிருந்து இரத்தத்துக்கு எவ்வளவு தூரம். படமும் கீறிக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். நான் ஒட்டுக்கேட்டேன் என்பது தெரிந்ததும் ஒளிப்பதை விட்டுவிட்டார். அவ்வளவுதான் என் விளக்கத்தால் வந்த பயன். "நீ படிச்சனீ, நீ சொல்லுறது சரியாயிருக்கும். ஆனால் செத்தாலும் துடக்கோடை நான் சாமியறைக்குள்ளை போகமாட்டன்." "அப்ப போகாதேங்கோ." "விளக்கை ஆர் கொளுத்திறது, நீயோ?" அடுத்த முறை வீட்டுக்குப் போனதும் பகிரங்கமாகத் தோய்ந்தார்.

மிஸியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எழுத விரும்பவில்லை. "கேக்க மாட்டனெண்டுறா. நீங்கள் சொல்லிப் பாருங்கோ மிஸி."

அடுத்த முறை அம்மா வந்தபோது அவள் புதுச் செய்தியோடு நின்றாள்.

"அம்மா, நான் எங்கடை குருக்களிட்டைப் போய்க் கேட்டனான். உந்த மெஷினைப் பற்றி வடிவா விளங்கப்படுத்தினனான். அவர் கண்ணை மூடி யோசிச்சிட்டுச் சொல்லுறார், உடம்பை விட்டுப் போன இரத்தத்துக்குத்தானாம் துடக்கு. இது போய்ப்போட்டுத் திரும்பி வருகுது. திரும்பி வாற இரத்தத்துக்குத் துடக்கில்லையாம். மஞ்சள் தண்ணியைக் காலிலை தெளிச்சுப்போட்டு உள்ளுக்கை போகலாமாம்."

அம்மா நீல மூடி இருந்த பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "காலிலையோ, தலையிலையோ?" என்று கேட்டார்.

"காலிலை. தலையிலை தெளிக்கவே கூடாதாம்," என்றாள், கண் இமைக்காமல்.

அன்றிலிருந்து அம்மா தோயவில்லை. பிளாஸ்ரர் காய்ந்தபடி இருந்தது. நான் எடுத்த இரத்தத்தில் கிருமி வளரவில்லை. நடைபாதையில் மிஸியை மறித்துக் கேட்டேன்: "எந்தக் கோயில் குருக்கள்?"

"ஏன், உம்மடை கடதாசியிலை அதுக்கும் ஒரு கட்டம் இருக்கோ?"

அவள் இப்போது எங்கே என்று தெரியாது. தொண்ணூறில் எல்லாம் சிதறியபோது அவளும் போய்விட்டாள். கனடாவில் என்கிறார் ஒருவர். மன்னாரில் கண்டதாக இன்னொருவர். ஒவ்வொருவரும் தன்னிடம்தான் அவள் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனாள் என்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

குருக்களைப் பற்றிய விடை அந்த நாட்களிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. பட்டணத்தில் ஒரு மாதா கோயிலடியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. நடுவில் வெள்ளை முக்காட்டோடு மிஸி. பக்கத்தில் ஒரு முதியவர், முன்பல்லில் அதே இடைவெளி.

மிஸி தயங்கவேயில்லை. "இது எங்கடை அப்பா," என்றாள். "அப்பா, இவதான் லாப் பிள்ளை."

நான்காமவர். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா முந்திக் கடலுக்குப் போறனீங்களோ?"

"கடலோ?" அவர் பயந்துபோனார். "எனக்குத் தண்ணியைக் கண்டாலே தலை சுத்தும். நான் பேக்கரியிலை பாண் போட்டவன் பிள்ளை."

மிஸி அவரைக் கொஞ்சம் முன்னே நடக்க விட்டாள். முதற்தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மாவுக்குச் சொல்லப்போறீரோ?"

"தெரியாது," என்றேன்.

"கை முதிரட்டும். பிறகு சொல்லும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவளுக்குச் சாமியறை இல்லை. வாசலில் மறிக்கும் அம்மா இல்லை. குருக்கள் இல்லை. இவ்வளவும் என் கையில் இருந்தது. ஒரு வசனம் போதும், அம்மா அவளைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் கவிழ்ந்துவிடும். அதே வசனத்தோடு அம்மா திரும்பவும் தொட்டியடிக்குப் போவார். இரண்டையும் பிரிக்க நான் எவ்வளவோ யோசித்தேன். முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீரைக் காலில் தெளித்துக்கொண்டு அம்மா சொல்வார்: "மிஸியின்ரை குருக்கள் என்ன படிச்ச மனுசன் பார். நீயும் இருக்கிறாய், கிருமி கிருமி எண்டு." என் வாய் திறக்கும். பிளாஸ்ரரைப் பார்ப்பேன். வாயை மூடிக்கொண்டு செம்பை வாங்கி உள்ளே வைப்பேன்.

கை முதிர்ந்தது. நாளம் கயிறுபோல் புடைத்து, காதை வைத்தால் உள்ளே இரைந்தது. அந்த இரைச்சலை முதலில் கேட்டவள் மிஸி. அம்மாதான் கையைத் தூக்கி அவள் காதில் வைத்தார். எனக்கு அடுத்ததாகத் தந்தார். முதல் ஊசியும் அவள்தான் போட்டாள். மூன்று முறை தடையில்லாமல் இரத்தம் ஓடிய பிறகு டொக்டர் நெஞ்சுக் குழாயைக் கழற்றினார். அதன் நுனியை வெட்டி என்னிடம் தந்தார்கள். வளர்த்துப் பார்த்தேன். சுத்தம்.

துளை ஆறியதும் அம்மா தோயக் கேட்டார். நான் லீவு எடுத்தேன். கிணற்றடியில் கல்லில் இருத்தி, கையை நனையாமல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சீயாக்காய் வைத்துத் தேய்த்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதல் வாளி தலையில் விழுந்ததும் அம்மா "அப்பாடா" என்று கண்ணை மூடினார். இத்தனை மாதத்தில் என் கையால் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோசம் அதுதான் என்று நினைத்தேன். இதுதான் நேரம் என்றும் நினைத்தேன்.

"அம்மா, உங்கடை மிஸி வேதக்காரி. மாதா கோயிலிலை கண்டனான். அவவுக்குக் குருக்களும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாம் பொய்."

அம்மா முகத்து நுரையை வழித்தார்.

"தெரியும்."

வாளி என் கையில் நின்றது. "என்னண்டு தெரியும்?"

"நடுங்கேக்கை என்னைக் கட்டிப் பிடிச்சவவெல்லோ. சங்கிலி வெளியிலை வந்து என்ரை கன்னத்திலை இடிச்சது. குருசு."

"அது குருக்கள் கதைக்கு முந்தியெல்லோ அம்மா! அப்ப ஏன் தோயாமல் விட்டனீங்கள்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "எங்கடை சமயத்தையே அறியாத பிள்ளை, எனக்காக இருந்து யோசிச்சு, அந்த இரத்தம் போறதையும் வாறதையும் பாத்து, ஒரு குருக்களையும் உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கு. அதை என்னண்டு தட்டுறது?"

வாளியைத் தொட்டியில் முக்கினேன்.

"எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதை," என்றார் அம்மா. "பாவம், மனம் நொந்துபோகும்."

அடுத்த வாளியை ஊற்றினேன்.

"மெல்ல, மெல்ல," என்றார் அம்மா, மூச்சுத் திணறி. "ஏன் பிள்ளை உப்பிடி அடிச்சு ஊத்திறாய்?"